அழைப்பும் பிணையும்: 1989ஆம் ஆண்டுப் படைவிலகல் விவாதத்தின் மொழி

1. முன்னுரை

1987 ஜூலை 29ஆம் நாள் கொழும்பில் இந்தியப் பிரதமர் இராஜீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அதன் வழி இந்தியப் படை இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் சென்று இறங்கியது. 1990 மார்ச் 24ஆம் நாள் அப்படையின் இறுதிப் பிரிவு திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. இடைப்பட்ட ஏறத்தாழ முப்பத்திரண்டு மாதங்களில் 1,100க்கும் மேற்பட்ட இந்தியப் படைவீரர்கள் உயிரிழந்தனர். போரில் ஈடுபடாத தமிழ் மக்கள் பெருந்தொகையினர் மாண்டனர்.

இக்காலப் பகுதியை அரசியல், படைத்துறை நோக்கில் ஆராய்ந்த நூல்கள் பல. அவ்விவாதம் எம்மொழியில், எச்சொற்களால் நடந்தது என்னும் வினா மிகுதியாக எழுப்பப்படவில்லை. படை இருக்க வேண்டுமா, திரும்ப வேண்டுமா என்று 1989ஆம் ஆண்டில் கொழும்புக்கும் புதுதில்லிக்கும் இடையே மூண்ட வழக்கு, பெரும்பகுதி ஒரே வாக்கியத்தின் பொருள் பற்றிய வழக்காகவே நடந்தது. அவ்வாக்கியத்தில் படையை 'அழைத்தல்' ஒரு வினை. அமைதிக்குப் 'பிணைநிற்றல்' மற்றொரு வினை. ஒரு தரப்பு முதல் வினையைப் பற்றிக்கொண்டது. மறு தரப்பு இரண்டாம் வினையைப் பற்றிக்கொண்டது. அவ்வாக்கியத்தின் அமைப்பையும், படையின் பெயரையும், விலகலைக் குறித்த தமிழ் வினைகளையும் திறனாய்ந்து, இத்தகைய ஆவணங்களைத் தமிழாக்குவோர் கருத்தில் கொள்ள வேண்டியவற்றை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

2. விவாதத்தின் போக்கு

நிகழ்வுகளின் வரிசையைச் சுருக்கமாக நினைவுகூர்தல் தேவை. விடுதலைப் புலிகள் இயக்கம் உடன்படிக்கையில் ஒப்பமிட்ட தரப்பு அன்று. 1987 அக்டோபரில் அவ்வியக்கத்திற்கும் இந்தியப் படைக்கும் இடையே போர் மூண்டது. 1988 நவம்பரில் வடக்கு-கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடைபெற்று, அ. வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார். 1989 ஜனவரியில் ரணசிங்க பிரேமதாசா இலங்கைக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். தென்னிலங்கையில் மக்கள் விடுதலை முன்னணி இந்தியப் படையின் இருப்பை எதிர்த்துக் கிளர்ச்சி நடத்திவந்தது. 1989 மே மாதத்தில் பிரேமதாசா அரசு விடுதலைப் புலிகளுடன் பேச்சு நடத்தத் தொடங்கியது.

1989 ஜூன் 1ஆம் நாள், இந்தியப் படை ஜூலை 29க்குள் முழுமையாக விலக வேண்டும் என்று பிரேமதாசா அறிவித்தார். அதனையடுத்து இரு தலைவர்களுக்கும் இடையே ஜூன், ஜூலை மாதங்களில் கடிதங்கள் பரிமாறப்பட்டன. படை குடியரசுத் தலைவரின் அழைப்பின்பேரில் வந்தது. ஆகவே அவர் கேட்டுக்கொண்டால் திரும்ப வேண்டும் என்பது பிரேமதாசாவின் வாதம். உடன்படிக்கைக்கு இந்தியா பொறுப்பேற்றுள்ளது. ஆகவே விலகலுக்கான காலவரையறை அதிகாரப் பகிர்வும் தமிழ் மக்களின் பாதுகாப்பும் நிறைவேறுவதோடு இணைத்து இருவராலும் முடிவு செய்யப்பட வேண்டும் என்பது இராஜீவ் காந்தியின் வாதம். ஜூலை 28ஆம் நாள் வெளியான கூட்டறிக்கை விலகல் மறுநாள் மீண்டும் தொடங்கும் என்றது. செப்டம்பர் 18ஆம் நாள் ஏற்பட்ட ஒப்பந்தம் தாக்குதல் நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. ஆண்டின் இறுதியில் இந்தியாவில் ஆட்சி மாறி, வி. பி. சிங் பிரதமரானார். அவர் காலத்தில் விலகல் நிறைவுற்றது.

3. படையின் பெயர்: தொகையும் விரியும்

உடன்படிக்கையின் ஆங்கில வாசகம் அப்படையை 'பீஸ் கீப்பிங்' படைப்பிரிவு என்கிறது. தமிழில் இது 'அமைதி காக்கும் படை' என்றும் 'அமைதிப்படை' என்றும் வழங்கிற்று. இவ்விரண்டும் ஒன்றன் நீட்சியும் சுருக்கமும் எனத் தோன்றினும் பொருளளவில் ஒன்றல்ல.

'அமைதி காக்கும் படை' என்பதில் 'காக்கும்' என்னும் பெயரெச்சம் வெளிப்படையாக நிற்கிறது. காத்தல் வினைக்குச் செயப்படுபொருள் முன்னரே இருத்தல் வேண்டும். இல்லாததைக் காத்தல் இயலாது. ஆகவே இப்பெயர், அமைதி ஏற்கனவே நிலவுகிறது என்னும் முற்கோளை உள்ளடக்கியது. 'செய்யும்' என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சம் நிகழ்காலத்திற்கும் எதிர்காலத்திற்கும் பொதுவாதலின், படை இப்போது அமைதியைக் காத்துக்கொண்டிருக்கிறதா, காப்பதற்காக அமைந்ததா என்பதும் பெயரளவில் தெளிவுபெறவில்லை.

'அமைதிப்படை' என்பதோ தொகை. மரபிலக்கண முறையில் இதனை இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகக் கொண்டு 'அமைதியைக் காக்கும் படை' என விரிக்கலாம். 'அமைதியை ஆக்கும் படை' எனவும், நான்காம் வேற்றுமைத் தொகையாக 'அமைதிக்குரிய படை' எனவும் விரித்தற்கு இடமுண்டு. தொகை இரண்டு முதல் ஏழு பொருள் வரை மயங்கும் என்று நன்னூல் கூறுவது இங்கு நினைக்கத்தக்கது. போர் மூண்ட பின்னர் 'காக்கும்' என்னும் எச்சம் உண்மையோடு நேரடியாக மோதியது. தொகையில் அம்மோதல் வெளிப்படவில்லை. செய்தி வழக்கில் தொகை வடிவம் நிலைத்தமைக்குச் சுருக்கம் ஒரு காரணம். அது எதனையும் உறுதிபடக் கூறாமை மற்றொரு காரணம் எனக் கருத இடமுண்டு.

பிற மொழிப் பெயர்களும் ஒப்புநோக்கத்தக்கன. சிங்களத்தில் வழங்கும் 'சாம சாதக ஹமுதாவ' என்பதில் 'சாதக' என்னும் வடசொல் நிறைவேற்றுவதைக் குறிக்கும். அப்பெயரில் அமைதி இனி உண்டாக்கப்பட வேண்டிய ஒன்று. இந்தியில் 'சாந்தி சேனா' என்று கூறப்பட்டது. இப்பெயர் இந்திய வழக்கில் புதிதன்று. 1957இல் வினோபா பாவே தொடங்கிய, படைக்கலம் ஏந்தாத தொண்டர் அமைப்பின் பெயர் அது. பீரங்கியோடு சென்ற படைக்கு அப்பெயர் வந்து சேர்ந்தபோது, பழைய பொருளின் நறுமணம் மட்டும் உடன் வந்தது.

யாழ்ப்பாண மக்களின் பேச்சு வழக்கு இப்பெயர்கள் எவற்றையும் பெரிதும் ஏற்கவில்லை. அங்கு அது 'இந்தியன் ஆமி' எனவே வழங்கிற்று. வந்த நாட்டையும் செய்யும் தொழிலையும் மட்டும் கூறும் பெயர் அது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளை அவ்வாறே வைத்துக்கொண்டு 'அப்பாவி மக்களைக் கொல்லும் படை' என்று பொருள்படும் கசப்பான விரியும் வழங்கியது. இதனை வெறும் வசையாகக் கொள்ளுதல் பொருந்தாது. 1987 அக்டோபர் 21ஆம் நாள் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் கொல்லப்பட்டனர். அவ்விடத்தில் நின்று நோக்குவோர்க்கு 'காக்கும்' என்னும் எச்சத்தின் முற்கோள் பொய்த்துவிட்டது. பெயரை மறுவிரிப்புச் செய்தது அப்பொய்ம்மையைச் சுட்டும் மொழிச் செயலாகும்.

பன்னாட்டு வழக்கில் இப்பெயருக்கு வேறொரு சுமையும் உண்டு. ஐக்கிய நாடுகள் அவையின் சாசனத்தில் இச்சொல் இல்லை. எனினும் அவ்வவை அனுப்பிய படைகளின் வழியாக, ஏற்கும் தரப்பினரின் இசைவு, நடுநிலை, தற்காப்புக்கன்றிப் படைவலிமையைப் பயன்படுத்தாமை என்னும் மூன்று நெறிகள் இச்சொல்லோடு ஒட்டிக்கொண்டன. 1956இல் எகிப்துக்குச் சென்ற ஐ.நா. அவசரப் படையில் இந்திய வீரர்களும் இருந்தனர். 1967 மே மாதத்தில் எகிப்து தன் இசைவைத் திரும்பப் பெற்றதும் பொதுச்செயலாளர் ஊ தாண்ட் அப்படையை விலக்கிக்கொண்டார். ஜூன் 5ஆம் நாள் போர் தொடங்கிற்று. ஆக, இசைவு நீங்கின் படையும் நீங்க வேண்டும் என்னும் கொள்கையையும், அவ்வாறு நீங்கியதும் என்ன நேரலாம் என்னும் அச்சத்தையும் இச்சொல் ஒருங்கே சுமந்து வந்தது. இந்தியா தன் படைக்கு இப்பெயரைத் தேர்ந்தபோது, பிரேமதாசாவின் வாதத்திற்கான அடிப்படை ஒன்றும் பெயரினுள்ளேயே அமைந்துவிட்டது.

4. ஒரே வாக்கியத்தில் மாறுபட்ட வினைகள்

இவ்வுடன்படிக்கையில் சிறு சொற்களின் எடை பெரிது. இலங்கையின் ஆட்சிமொழி சிங்களம் என்றும், தமிழும் ஆங்கிலமும் ஆட்சிமொழிகளாக இருக்கும் என்றும் அதன் 2.18ஆம் பிரிவு கூறுகிறது. அவ்வாண்டே நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தத்தில் ஆங்கிலம் இணைப்புமொழியாக மாறியது. தமிழ் 'தமிழும்' என்னும் எச்ச உம்மையுடன் ஆட்சிமொழி என்னும் நிலையில் நின்றது. ஒரு மொழியின் நிலை ஓர் உம்மையால் குறிக்கப்பட்ட ஆவணத்தில், ஒரு படையின் நிலை ஒரு வினையால் குறிக்கப்பட்டமை வியப்பன்று.

படை பற்றிய வாசகம் உடன்படிக்கையின் இணைப்பில் ஆறாம் பத்தியாக உள்ளது. 2.14ஆம் பிரிவுக்கும் 2.16 (சி) பிரிவுக்கும் இணங்க, போர்ச்செயல்கள் நிறுத்தப்படுதலைப் பிணைநின்று உறுதிசெய்யவும் வலிந்து நிறைவேற்றவும், தேவைப்படின், இந்திய அமைதி காக்கும் படைப்பிரிவு ஒன்று இலங்கைக் குடியரசுத் தலைவரால் அழைக்கப்படலாம் என்பது அதன் சாரம்.

இவ்வாக்கியம் சுட்டும் இரு பிரிவுகளும் வேறுவேறு தன்மையன. 2.14இல் இந்திய அரசு தீர்வுகளுக்குப் பொறுப்பேற்கிறது, பிணைநிற்கிறது. அங்கு எழுவாய் இந்தியா. அப்பொறுப்பு எவருடைய வேண்டுகோளையும் சார்ந்ததாகக் கூறப்படவில்லை. 2.16 (சி)யிலோ இலங்கை அரசு கேட்கும்போது, கேட்டவாறு படை உதவியை இந்தியா அளிக்கும் என்று உள்ளது. அங்கு தொடங்கும் உரிமை இலங்கையுடையது. இணைப்பின் வாக்கியம் இவ்விரண்டையும் 'உம்' இட்டு இணைத்து, இரண்டிற்கும் ஒருங்கே இணங்கப் படை வரும் என்றது. 1989இல் இரு தலைவர்களும் ஆளுக்கொரு பிரிவைக் கையில் எடுத்தனர். ஒருவர் ஆவணத்தை மீறினார், மற்றவர் காத்தார் என்று கூற இயலாதவாறு அவ்வாக்கியம் இருவர்க்கும் இடம் தந்தது.

வினைத்தன்மை நோக்கில் வேறுபாடு இன்னும் தெளிவாகும். 'அழை' என்பது நிகழ்ச்சி வினை. அது ஒரு கணத்தில் நிகழ்ந்து முடிவது. 'பிணைநில்' என்பது நிலை வினை. அது தொடங்கிய பின்னர், பொறுப்பு நிறைவேறும் வரை நீடிப்பது. 'உறுதிசெய்ய' என்னும் செயவென் எச்சம் நோக்கப் பொருளில் வந்து, நிகழ்ச்சி வினையை நிலை வினையோடு பிணைக்கிறது. அழைத்தல் முடிந்துவிட்டது, எதற்காக அழைத்தாரோ அது முடியவில்லை. அழைத்தவர் அழைப்பைத் திரும்பப் பெற்றால் நோக்கம் என்னவாகும் என்னும் வினாவுக்கு எச்சத்தில் விடையில்லை. படை எவ்வாறு வரும் என்று கூறிய உடன்படிக்கையில், அது எப்போது, எவர் சொல்லால் திரும்பும் என்பது பற்றி ஒரு வாக்கியமும் இல்லை.

'அழைக்கப்படலாம்' என்னும் முற்றும் கருதத்தக்கது. ஆங்கிலத் துணைவினையான 'மே'யும் தமிழின் 'லாம்' ஈறும் இசைவு, இயல்தகைமை ஆகிய இரு பொருளுக்கும் உரியன. இங்கு இசைவு என்னும் பொருளே பொருந்தும்: அழைக்கும் உரிமை குடியரசுத் தலைவருக்குத் தரப்படுகிறது. செயப்பாட்டு வினையாக அமைந்ததால் 'குடியரசுத் தலைவரால்' என்னும் மூன்றாம் வேற்றுமைப் பெயர் வாக்கியத்தில் பின்தள்ளப்பட்டு, படைப்பிரிவு எழுவாயாயிற்று. 1989இல் பிரேமதாசா செய்தது, அச்செயப்பாட்டு வினையை மீண்டும் செய்வினையாக்கியதே எனலாம்: 'குடியரசுத் தலைவர் அழைத்தார்; குடியரசுத் தலைவர் அனுப்புவார்'.

அழைப்பு என்னும் சொல்லையே ஐயுற வேண்டும் என்பாரும் உளர். 1987 ஜூன் 4ஆம் நாள் இந்திய விமானங்கள் இலங்கையின் இசைவின்றி யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொருள்களை வீசின. எட்டு வாரங்களில் வந்த அழைப்பு எத்துணை விருப்பத்தோடு வந்தது என்னும் ஐயம் முறையானதே. பிற நாட்டு வரலாற்றிலும் இச்சொல் நம்பத்தக்கதாக இருந்ததில்லை. 1979 டிசம்பரில் ஆப்கானித்தானுக்குள் சென்ற சோவியத்துப் படை அந்நாட்டு அரசின் வேண்டுகோளின்பேரில் சென்றதாகக் கூறப்பட்டது. அவ்வரசின் தலைவர் அபிசுல்லா அமீன் அதே மாதம் 27ஆம் நாள் அப்படையின் தாக்குதலிலேயே கொல்லப்பட்டார். அப்படை 1989 பிப்ரவரி 15இல் வெளியேறி முடிந்தது. நான்கு மாதங்களுக்குள் கொழும்பில் அதே சொல் மீண்டும் வழக்காடப்பட்டது. இலங்கையில் அழைத்தவர் ஜெயவர்த்தனா. அழைப்பை முடித்துவைத்தவர் பிரேமதாசா. ஒருவர் அழைப்பை மற்றொருவர் திரும்பப் பெற முடிந்ததற்குக் காரணம், ஆவணத்தில் அழைத்தவர் ஆள் அல்லர், பதவி என்பதே.

தமிழாக்கத்தில் இவ்வேறுபாடுகள் எளிதில் மறைந்துவிடும். 'அண்டர்ரைட்', 'கேரண்டி' என ஆங்கில வாசகம் அடுத்தடுத்துக் கூறும் இரு வினைகளும் தமிழில் 'உத்தரவாதம்' என்னும் ஒரே சொல்லில் ஒடுங்குகின்றன. இதனினும் பெரிய இழப்பு 'என்ஃபோர்ஸ்' என்னும் வினையில் நேர்கிறது. ஆட்சித் தமிழில் 'நடைமுறைப்படுத்து', 'அமல்படுத்து', 'செயற்படுத்து' என்பன ஒரு திட்டத்தை நிறைவேற்றுதற்கும், ஓர் ஆணையை வலிந்து திணித்தற்கும் பொதுவாக வழங்குகின்றன. மேற்காட்டிய வினையில் வற்புறுத்தல் என்னும் பொருட்கூறு இன்றியமையாதது. 1987 அக்டோபரில் மூண்ட போர் அப்பொருட்கூற்றின் விளைவு. 'நடைமுறைப்படுத்த' எனப் பெயர்த்தால், படிப்பவர்க்கு அப்போர் ஆவணத்தில் இல்லாத ஒன்றாக, வானிலிருந்து விழுந்ததாகத் தோன்றும்.

5. விடுபட்ட நான்காம் வேற்றுமை

அவ்வாக்கியத்தின் மிகச் சிறிய பகுதி 'தேவைப்படின்' என்பது. ஆங்கிலத்தில் இது செயப்பாட்டு வடிவில் உள்ளது. யாரால் தேவை என உணரப்பட்டால் என்பது சொல்லப்படவில்லை. ஆங்கிலத்தில் அவ்வாறு விடுத்தல் இயல்பு. சட்ட நடையில் மேலும் இயல்பு.

தமிழில் 'தேவைப்படு' என்னும் வினை நான்காம் வேற்றுமைப் பெயரை வேண்டி நிற்பது. 'எனக்குத் தேவைப்படுகிறது', 'அவர்களுக்குத் தேவைப்பட்டது' என உணர்வோர் நான்காம் வேற்றுமையில் வருதல் இவ்வினையின் இயல்பு. அப்பெயர் தொக்கு நிற்கலாம். ஆனால் கேட்போர் அதனைச் சூழலிலிருந்து நிரப்பிக்கொள்வர். ஆகவே தமிழில் இவ்வாக்கியத்தைப் படிப்பவர் மனத்தில் 'யாருக்கு?' என்னும் வினா உடனே எழும். ஆங்கிலம் மறைத்துவைக்க இடம் தருவதைத் தமிழ் இலக்கணம் கேள்வியாக்கிவிடுகிறது.

யாருக்குத் தேவைப்பட்டால் என்பதற்கு 1987இல் ஒரு விடை இருந்தது. உடன்படிக்கைக்கு எதிராகத் தென்னிலங்கையில் கலவரம் மூண்டிருந்தது. தன் படையை வடக்கிலிருந்து அங்கு நகர்த்த வேண்டிய நெருக்கடி ஜெயவர்த்தனாவுக்கு இருந்தது. ஆக அவருக்குத் தேவைப்பட்டது. 1989இல் பிரேமதாசாவுக்குத் தேவைப்படவில்லை. படையின் இருப்பே தென்னிலங்கைக் கிளர்ச்சிக்கு எண்ணெய் வார்த்தது. இந்தியாவுக்கோ, பொறுப்பேற்றதைக் கைவிட்டது என்னும் பழி நேராதிருக்க மேலும் சிறிது காலம் தேவைப்பட்டது. வடக்கு-கிழக்கு மாகாண அரசுக்குத் தன் உயிர்ப்பாதுகாப்புக்காகத் தேவைப்பட்டது. விடுதலைப் புலிகளுக்குத் தேவைப்படவில்லை.

இவ்வரிசையில் இடம்பெறாதோர் அப்பகுதியில் வாழ்ந்த மக்கள். அவர்களுக்குப் படை தேவைப்பட்டதா என்பதற்கு ஒரே விடை இருந்திருக்க முடியாது. 1987 ஆகஸ்டில் மாலையிட்டு வரவேற்றவர்களும் அவர்களே. அக்டோபருக்குப் பின்னர் அஞ்சி ஒடுங்கியவர்களும் அவர்களே. 1989 ஜூலை 28இன் கூட்டறிக்கை வெளியாகி ஒரு வாரம் நிறைவதற்குள், ஆகஸ்டு முதல் வாரத்தில், வல்வெட்டித்துறையில் பொதுமக்கள் ஐம்பதின்மருக்கும் மேற்பட்டோர் இந்தியப் படையால் கொல்லப்பட்டனர். விலகலின் சொற்கள் இரு தலைநகரங்களிலும் சீர்செய்யப்பட்டுக்கொண்டிருந்த நாள்கள் அவை. கடிதங்களில் தமிழ் மக்கள் இடம்பெற்றனர். 'தமிழ் மக்களின் பாதுகாப்பு' என ஆறாம் வேற்றுமையில், பாதுகாப்பு என்னும் பெயருக்கு அடையாக இடம்பெற்றனர். தேவை என்னும் வினைக்கு உரியவராக நான்காம் வேற்றுமையில் அவர்கள் வரவில்லை. இவ்விவாதத்தின் அடிப்படைக் குறை இதுவே.

6. விலகலைக் குறிக்கும் தமிழ் வினைகள்

படை விலகியதைத் தமிழில் கூறப் பல வினைகள் உள. ஒவ்வொன்றும் ஒரு நிலைப்பாட்டை உட்கொண்டது.

(அ) படை திரும்பியது.
(ஆ) இந்தியா படையைத் திரும்பப் பெற்றது.
(இ) இந்தியா படையை விலக்கிக்கொண்டது.
(ஈ) படை வெளியேறியது.
(உ) படை வெளியேற்றப்பட்டது.

(அ) தன்வினை. காரணம் கூறாதது. பணி முடிந்து திரும்பியதா, முடியாமல் திரும்பியதா என்பதை அது தெரிவிப்பதில்லை. (ஆ)வில் கொடுத்த ஒன்றை உரியவர் மீட்டுக்கொண்டார் என்னும் பொருள் உண்டு. படை இங்கு இரவல் பொருள் போன்றது. (இ)யில் 'கொள்' என்னும் துணைவினை செயலின் பயன் செய்தவரையே சேர்வதைக் காட்டும். இந்தியா தன் நலம் கருதித் தானே எடுத்த முடிவு என்னும் குறிப்பு அதனால் அமைகிறது. இராஜீவ் காந்தியின் வாதம் ஏற்கும் வடிவம் இதுவே. (உ)வில் வேறொரு கருத்தா மறைந்து நிற்கிறார். பிரேமதாசாவும் விடுதலைப் புலிகளும் மக்கள் விடுதலை முன்னணியும் தத்தம் ஆதரவாளரிடம் உரிமை கோரியது அம்மறைந்த கருத்தாவின் இடத்தையே. மூவரின் நோக்கமும் வேறு. வேண்டிய வினை ஒன்று.

(ஈ)யில் உள்ள 'வெளியேறு' என்னும் வினை தனித்து நோக்கத்தக்கது. 1942ஆம் ஆண்டு இயக்கத்தைத் தமிழர் 'வெள்ளையனே வெளியேறு இயக்கம்' என்றே அறிவர். ஏவல் வடிவில் இச்சொல்லைக் கேட்கும் தமிழகத்தார்க்கு அந்நியர் ஆட்சியின் நினைவு உடன்வரும். இந்தியப் படையை நோக்கி 'வெளியேறு' எனும்போது, 1942இல் இந்தியா நின்ற இடத்தில் இலங்கையும், பிரித்தன் நின்ற இடத்தில் இந்தியாவும் நிற்கின்றன. மொழிபெயர்ப்பாளர் இவ்வினையை எண்ணாமல் கையாண்டால், தான் கருதாத ஓர் ஒப்புமையைப் படிப்பவர்க்கு வழங்கியவராவார்.

செய்தித்தாள் தலைப்புகளில் இவை அனைத்தையும் விஞ்சி நின்றது 'வாபஸ்' என்னும் கடன்சொல். வேட்புமனு, வழக்கு, புகார் முதலியவற்றுக்கு வழங்கும் இச்சொல், படையையும் திரும்பப் பெறத்தக்க ஒரு தாளாக ஆக்கியது. 'படை வாபஸ்' என்னும் தலைப்பில் வினைமுற்று இல்லை. ஆகவே காலமும் கருத்தாவும் இல்லை. படைத்துறையினரின் 'டீ-இண்டக்‌ஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லும் இத்தன்மையதே. உட்செலுத்தியதை வெளிக்கொணர்தல் என்னும் தொழில்நுட்பப் பொருள் தரும் அச்சொல்லில் வெற்றிக்கும் தோல்விக்கும் இடமில்லை.

இனி, தமிழுக்கே உரிய ஓர் இக்கட்டும் உண்டு. 'திரும்பு' என்பதோடு இடம் சுட்டும் துணைவினை சேருமிடத்து, தமிழ் 'வா', 'போ' என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். சென்னையிலிருந்து எழுதுபவர்க்குப் படை திரும்பி வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுபவர்க்கு அது திரும்பிப் போனது. ஆங்கிலச் சொல்லில் இல்லாத நோக்குநிலை தமிழ் வாக்கியத்தில் தானே வந்து அமைகிறது. இந்நோக்குநிலைகள் தமிழகத்திலேயே மோதியதும் உண்டு. 1990 மார்ச்சில் திரும்பி வந்த படைக்குச் சென்னையில் அளிக்கப்பட்ட வரவேற்பில் முதலமைச்சர் மு. கருணாநிதி கலந்துகொள்ளவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க இயலாது என்பது அவர் நிலைப்பாடு. அதனைக் கடமையாற்றி மீண்ட வீரர்க்கு நேர்ந்த அவமதிப்பாகக் கண்டோரும் பலர். வந்தது யாருடைய படை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை; அதன் வரவை ஏற்பவர் யார் என்பதிலேயே வேறுபாடு எழுந்தது.

7. ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

படை விலகியது வினைச்சொற்களால் அன்று, தேர்தல்களால் என்று கூறலாம். பிரேமதாசா வென்றதும் இராஜீவ் காந்தி தோற்றதும் விலகலை முடிவு செய்தன; கடிதங்களின் சொல்லாய்வு அதிகாரத்தின் மேற்பூச்சு எனலாம். இம்மறுப்பில் உண்மை உண்டு. எனினும் இரு அரசுகளும் எதனை வெளிப்படையாகக் கூற இயலும், எதனைக் கூற இயலாது என்பதை அவ்வாக்கியம் வரையறுத்தது. போரில் வெல்ல இயலவில்லை என்று இந்தியா கூறவேண்டியிருக்கவில்லை; பிணை நிறைவேறவில்லை என்று கூற முடிந்தது. விடுதலைப் புலிகளோடு உடன்பாடு கண்டதால் படை வேண்டா என்று பிரேமதாசா கூறவேண்டியிருக்கவில்லை. அழைப்பு முடிந்தது என்று கூற முடிந்தது. உண்மையான காரணங்கள் பேசப்படாமல் போனமைக்கு ஆவணம் தந்த சொற்களே வசதி செய்தன.

இரு வாதங்களின் தகுதியையும் பின்னிகழ்வுகள் சோதித்தன. படை விலகிய மூன்று மாதங்களுக்குள், 1990 ஜூனில், இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே மீண்டும் போர் மூண்டது. பிணை நிறைவேறவில்லை என்ற வாதம் அவ்வளவில் மெய்யாயிற்று. யாருக்காகப் பிணைநின்றதோ அம்மக்களிடையே போர் நடத்திய படை பிணையாளியாக நீடிக்க இயலாது என்பதும் அதே அளவு மெய். 1991 மே 21ஆம் நாள் திருப்பெரும்புதூரில் இராஜீவ் காந்தி விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார். 1993 மே முதல் நாள் கொழும்பில் பிரேமதாசாவும் கொல்லப்பட்டார். கடிதம் எழுதிய இருவரும் இல்லாத நிலையில் வாக்கியம் மட்டும் ஆவணத்தில் உள்ளது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படும் முடிவுகள் மூன்று. ஒன்று: அரசியல் ஆவணத்தில் உள்ள மயக்கம் பெரும்பாலும் கவனக்குறைவால் நேர்ந்ததன்று, இரு தரப்பும் கையொப்பமிடுவதற்காக வேண்டி வைக்கப்பட்டது. அதனைத் தமிழில் தெளிவாக்குபவர் தம்மை அறியாமலே ஒரு தரப்பின் வழக்கறிஞராகிறார். மயக்கத்தை மயக்கமாகவே பெயர்த்துக் குறிப்பில் விளக்குதல் முறை. இரண்டு: ஆட்சித் தமிழில் 'நடைமுறைப்படுத்து' என்பதன் பொருட்பரப்பைச் சுருக்கி, வற்புறுத்தி நிறைவேற்றுதலுக்குத் தனி வினை ஒன்றை நிலைப்படுத்துதல் வேண்டும். 'வலிந்து நிறைவேற்று' என்பது இப்போதைக்கு உதவலாம். கலைச்சொல்லாக்கக் குழுக்கள் இதனினும் சிறந்ததைக் காணக்கூடும். மூன்று: விலகலைக் குறிக்கும் வினையைத் தேரும்போது கருத்தா யார், நோக்கும் இடம் எது என்பவற்றை முடிவு செய்த பின்னரே எழுதுதல் வேண்டும். பொதுநிலை வேண்டுமாயின் துணைவினை ஏலாத 'திரும்பியது' என்னும் தன்வினையே ஓரளவு துணைசெய்யும்.

வேற்று நாட்டு மண்ணில் ஒரு படை இருக்க வேண்டுமா, திரும்ப வேண்டுமா என்னும் விவாதம் உலகில் மீண்டும் மீண்டும் எழுவது. அழைப்பு, வேண்டுகோள், பொறுப்பு, உறுதிமொழி, தேவை என்னும் சொற்கள் அப்போதெல்லாம் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும். 'தேவைப்படின்' என்று எழுதுமுன் 'யாருக்கு' என்று மூலத்தை வினவுதல் மொழிபெயர்ப்பாளரின் தொழிற்கடமை. மூலத்தில் விடை இல்லையாயின், இல்லை என்பதைப் படிப்பவர்க்குத் தெரிவித்தலும் அக்கடமையில் அடங்கும்.